இரத்த உறவினருக்கான கடிதம்

இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடிந்து இரண்டு மாதமாகிறது. உள்ளங்கால் மட்டும் இன்னும் மரத்தே கிடந்தது. கீழே படி இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் காலை வைக்க வேண்டியிருந்தது.

கைப்பையில் ஆஸ்பத்திரிக் கடிதம் இருந்தது. இரத்த உறவினருக்குக் கொடுக்கச் சொல்லித் தந்தது. அவளுக்கு மிச்சமிருந்த இரத்த உறவு ஒரே ஒரு தங்கை. அந்தத் தங்கையோடு பேச்சு நின்று ஆறு வருடம்.

நாங்கள் யாரையும் கூப்பிட்டுச் சொல்வதில்லை, நோயாளிதான் சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

மற்றபடி டாக்டரம்மா பொறுமைசாலி. படம் போட்டே விளக்கினார். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்கிற இழை தினம் ஆயிரக்கணக்கான இடங்களில் பழுதாகிறதாம். இழை அறுந்தது தெரிந்தால் செல் கையிலிருக்கும் வேலையை அப்படியே நிறுத்திவிடுமாம். ஆளனுப்பி ஒட்டப் பார்க்குமாம். ஒட்டவே முடியாது என்றால் தன்னையே முடித்துக்கொள்ளுமாம்.

மனிதர்களுக்கே அவ்வளவு ரோஷம் கிடையாது என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

அவள் விஷயத்தில், ஒட்டுகிற ஆளை உண்டாக்கும் மரபணுவிலேயே பிழை. அறுந்தது சரியாக ஒட்டாமல், பழுதோடு பழுதாகச் செல் பெருகிக்கொண்டே போய்ச் சினைப்பையில் கட்டியாக நின்றது. அம்மாவையும் அதே இடத்தில்தான் பிடித்தது.

அக்காவுக்கு அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. இருபது வருடமாக ஊரார் பிழையை எல்லாம் பிடித்துக் கொடுத்தவள், தன்னுடையதைக் கோட்டைவிட்டுவிட்டாள்.

தங்கைக்கும் அந்த மரபணுப் பிழை வந்திருக்கலாம், பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டரம்மா. முன்கூட்டியே தெரிந்தால் சினைப்பையை எடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். தெரியாமல் போனால் அக்காவின் கதிதான்.

அப்படியும் கடிதம் நாற்பது நாள் பையிலேயே கிடந்தது. முதலில் வீம்பு. அவளும் படட்டுமே என்று ஒருமுறை நினைத்தும் விட்டாள். நினைத்த பிறகு சோறு இறங்கவில்லை.

பேச்சு நின்றதில் தப்பு அக்காமேல்தான். அம்மா கடைசி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தபோது தங்கைக்கு எட்டாம் மாதம். பயந்துவிடுவாள், பயணம் ஆகாது என்று அக்காவாகவே முடிவு செய்து சொல்லாமல் இருந்துவிட்டாள். எல்லாம் முடிந்த பிறகுதான் போன் போட்டாள். தங்கை ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

அக்கா கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு எழுந்தாள். மிச்சப் படிகளையும் ஏறி மணியை அடித்தாள்.

தங்கைதான் கதவைத் திறந்தாள். அக்காவின் தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தாள். புருவமில்லாத நெற்றியைப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை.

"உள்ள வா. முதல்ல உட்காரு."

அக்கா உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு கடிதத்தை நீட்டினாள்.

மூன்று பக்கம். முதல் இரண்டு பக்கமும் விளக்கம்தான். மரபணு என்றால் என்ன, யாருக்கெல்லாம் வரும், பயப்பட வேண்டாம், இத்யாதி. அக்காவே அதை நாலு தடவை படித்துத்தான் புரிந்துகொண்டாள்.

தங்கை இரண்டு தாளையும் புரட்டித் தள்ளிவிட்டு நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனாள். அடியில் ஒரு சின்னக் கட்டம். பிழை எந்த இடத்தில் என்பதற்கான எண் அதற்குள்தான் இருக்கும். அதன்மேல் விரலை வைத்தாள்.

முதல் தடவை படிக்கிறவர்கள் யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள்.

விரல் எண்ணின் ஒவ்வொரு இலக்கமாக நகர்ந்து முடிவில் நின்றது. தங்கை நிமிராமலே கேட்டாள்.

"உனக்கும் அதே நம்பர்தானாக்கா?"

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும். உனக்கு எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டாள்.

மூன்று வருடம் ஆகிறது என்றாள் தங்கை. பரிசோதனை முடிந்த அடுத்த மாதமே சினைப்பையை எடுத்துவிட்டார்களாம்.

அக்காவுக்குக் கட்டி வந்தது போன வருடம்.