நாலு மணிக்குள் ஒரு கையெழுத்து

பூந்தமல்லி நீதிமன்ற வாசலில் அன்று நின்றவர்கள் நான்கு பேர்: தினகரின் வக்கீல் ஞானவேல், தினகரின் கூட்டாளி மோசஸ், தினகர் அடித்ததில் கை முறிந்துபோன அவன் மனைவி கயல்விழி, பிறகு நான்.

தினகருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும்.

"நான் போட்டுட்டேன்," என்றான் மோசஸ். "இன்னொரு கையெழுத்து நாலு மணிக்குள்ள வரலைன்னா, பொங்கல் முடியற வரிக்கும் ஜெயில்தான். மனசு வைங்க நைனா."

"எங்க வீட்டுப் பொண்ணு மேல கை வச்சவன் அங்கேயே களி தின்னட்டும்."

"இன்னா நைனா, இப்டி கல்நெஞ்சா கீறீங்க!"

"ஆமா, அப்படித்தான்."

வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். "பெரியவரே, அந்தப் பொண்ணே எதுவும் சொல்லலையே?"

"அவ சொல்ல மாட்டா. அதுக்குத்தான் நான் வந்திருக்கேன்."

நாலு மணி ஆனது. கையெழுத்து விழவில்லை. கயல்விழியை ஆட்டோவில் ஏற்றி, மாங்காட்டு வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

பெண்ணைப் பெற்றவர் பழி தீர்த்துக்கொண்டார் என்று நீதிமன்ற வாசலில் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. கயல்விழியின் அப்பா இறந்து ஆறு வருடமாகிறது. நான் தினகரைப் பெற்றவன்.