இன்னும் எவ்வளவு தூரம்

"மூணே காலுக்கெல்லாம் வந்துட்டான்டி உங்க அண்ணன்."

அம்மா போனில் சொன்னதும்தான் சின்னவளுக்கு மூச்சு வந்தது. காரை ஓட்டிக்கொண்டிருந்த கணவனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

அம்மாவுக்கு ஒரு கண்ணில் பார்வை போய் வெகு காலமாகிறது. மற்றதில் முந்தாநாள்தான் ஆபரேஷன். கட்டு இன்னும் பிரிக்கவில்லை. துணைக்கு இருந்த நர்ஸ், வீட்டில் அவசரம் என்று காலையில் போய்விட்டாள். பிள்ளைகள் இருவரும் இருப்பதோ ஆயிரத்து நூறு கிலோமீட்டர் தள்ளி. விமானத்தில் ஒரே ஓர் இடம்தான் கிடைத்தது. இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்று அண்ணனை அதில் ஏற்றிவிட்டு, இவர்கள் காரில் கிளம்பியிருந்தார்கள். சாலை வழியாகப் பதினெட்டு மணி நேரம்.

"மூணு மணிக்குத்தானே விமானமே இறங்கணும்? ஏர்போர்ட்ல இருந்தும் பறந்தே போயிட்டாரா மச்சான்?" என்றான் கணவன்.

"யாருக்குத் தெரியும்? பெல் அடிச்சுது. 'பெரியவனா?'ன்னு கேட்டேன். 'ம்'னான். வந்து பக்கத்துல உக்காந்துட்டான்."

அண்ணன் அப்படித்தான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

கதவைத் தாழ்ப்பாள் போடச் சொன்னாள் சின்னவள். வந்ததும் அதைத்தான் முதலில் போட்டான் என்றாள் அம்மா.

"நீங்க எங்க வர்றீங்கன்னு காதோட கிசுகிசுன்னு கேக்கறான்."

ஆற்றுப் பாலம் தாண்டியாயிற்று என்று சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா மறுபடி கூப்பிட்டாள். மறுபடி அதே கேள்வி. இப்போதாவது தங்கச்சிமேல் அக்கறை வந்ததே என்று சின்னவள் சிரித்தாள். போனை அவனிடம் கொடுக்கச் சொன்னாள். நீட்டினால் வாங்க மாட்டேன் என்கிறான் என்றாள் அம்மா.

மூன்றாம் முறை அம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"என் கையைப் பிடிச்சுட்டு விடவே மாட்டேங்கறான்டி. கை ஜில்லுன்னு இருக்கு. எங்க வந்துட்டா, எங்க வந்துட்டான்னு இதே பேச்சுதான்."

"இன்னும் அறுநூறு கிலோமீட்டர் இருக்கும்மா. விடியறதுக்குள்ள வந்தாப் பெரிசு. நீ படுத்துத் தூங்கு. அதான் அண்ணன் இருக்கானே."

அம்மா அதைப் பக்கத்தில் திரும்பி அப்படியே ஒப்பித்தாள். அந்தப் பக்கம் ஒரு "ம்" கேட்டது.

பெட்ரோல் பங்கில் கணவன் இறங்கி நின்றபோது போன் அடித்தது. அண்ணன்.

"அதிசயமா இருக்கே, நீயே கூப்பிடறே?"

"திட்டாதே. போன்ல சார்ஜ் இல்ல, இப்பத்தான் போட்டேன். இங்க பேய் மழை. விமானம் கிளம்பவே இல்ல. இத்தனை நேரம் உள்ளேயே உக்கார வச்சுட்டு இப்பத்தான் இறக்கி விட்டாங்க. அம்மா தனியா என்ன பண்றாங்களோ, ஒரு போன் போட்டுப் பாரேன்."

சின்னவள் அழைப்பைத் துண்டித்தாள். அம்மாவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நிற்கப்போகிற நேரத்தில் யாரோ எடுத்தார்கள்.

"அம்மா?"

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, அவள் அதுவரை கேட்டேயிராத ஒரு குரல், நிதானமாக,

"இன்னும் எவ்வளவு தூரம் இருக்கு?"