ஆறு மணிக்கு மினுங்கும் விளக்கு

"அடுத்தவன் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்குறதுக்காடா உனக்குச் சம்பளம் குடுக்குறேன்?"

கேமரா கடை முதலாளி அக்பர் அலி போட்ட சத்தத்தில், விலை கேட்க வந்த ஒருவர் மெல்ல நழுவிவிட்டார்.

கடைக் கம்ப்யூட்டரில் நாகல் நகர் பழனியம்மாள் வீட்டுக் கூடம் தெரிந்தது. நாலு மாதமாகத் தினமும் மாலை ஆறு மணிக்கு இதே வீட்டைத் திறந்து பார்த்திருக்கிறான் மெக்கானிக் யாசின். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், வெட்கமாக இல்லை?

அந்தக் கேமராவை மாட்டியதும் இதே கடைதான். வீட்டு இன்டர்நெட் எண் அடிக்கடி மாறும் என்பதால், மாறாத ஒரு பேரை இலவசத் தளத்தில் பதிந்து கொடுத்தார்கள். அந்தப் பேரை அடித்தால் போதும், சிங்கப்பூரில் இருக்கும் மகன் ஆனந்த்ராஜ் அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம்.

"மாசம் ஒருக்கா யாராச்சும் உள்ள போகலேன்னா அந்தப் பேரை எடுத்துருவாய்ங்கண்ணே. மகன் ஒரு தடவகூட போகல. அதான் நான் தொறந்தேன்."

"மாசம் ஒருக்காதான? தெனமும் எதுக்கு?"

யாசின் தலை குனிந்தான்.

"யாராச்சும் பாத்தா அந்த வீட்டுக் கேமராப் பெட்டியில பச்சை லைட் மினுங்கும்ணே. அந்தம்மா ஆறு மணிக்கு முகங் கழுவி, நல்ல சேலை கட்டிக்கிட்டு அதுக்கு முன்னாடி வந்து உக்காந்துருது. மகன் பாக்குறான்னு நெனப்பு. லைட் மினுங்கலேன்னா சாப்பிடவே போக மாட்டேங்குது."

அக்பர் அலி நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். இருந்தாலும் தொழில் என்று ஒன்று இருக்கிறதே. ஆனந்த்ராஜுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

ஆனந்த்ராஜ் கோபப்படவில்லை. சிரித்தான்.

"அட, இதுக்குப் போயி மன்னிப்பா? அவரையே தொடர்ந்து பாக்கச் சொல்லுங்க பாய்."

திரையில் பழனியம்மாள் கேமராவைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு, சாப்பிட எழுந்து போனார்.

"'தெனம் நீ என்னையப் பாக்குறியேப்பா, அதுவே போதும்'னு அம்மா ஒரு நாள் போன்ல சொல்லுச்சு. நான் எங்க பாத்தேன்? சரி, யாரோ பாக்குறாங்கன்னு, ஞாயித்துக்கிழமை போன் பண்றதையும் அன்னிக்கோட விட்டுட்டேன்."