தலைக்கு மேலே சத்தம்

மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. தொப்... தொப்... தொப்...

தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தாள். கூரைப் பூச்சிலிருந்து பொடி உதிர்ந்து, தைத்துக்கொண்டிருந்த வெள்ளைச் சட்டையின் காலரில் விழுந்தது.

"கீழே மனுஷங்க இருக்காங்கன்னு நினைப்பே கிடையாதா இவனுக்கு?" என்று சுவரிடம் கேட்டாள்.

மாடியில் ஒண்டிக்கட்டை ஒருவன் குடியிருந்தான். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகிற வேலை. பின்சந்தில் தனிப் படிக்கட்டு. அவன் போவதும் தெரியாது, வருவதும் தெரியாது. பொழுது சாய்ந்தால் இந்தக் குதி மட்டும் தவறாது.

பொடியைத் தட்டிவிடலாம். அவளுடைய பயம் வேறு.

அவள் புருஷன் குடியை விட்டுக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அதற்கென்றே ஆஸ்பத்திரியில் கிடந்து, மீண்டு வந்து, அச்சகத்தில் திரும்பவும் சேர்ந்திருந்தான். இப்போதெல்லாம் ஓவர்டைம் முடித்து, சட்டை தொப்பலாக நனைந்து வருவான். குளிப்பான். கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போவான்.

"எல்லாம் என் வாய்க்குப் பயந்துதான்" என்று எதிர்வீட்டுக்காரியிடம் பெருமை அடித்துக்கொள்வாள். சொல்லிவிட்டு, கண் பட்டுவிடுமோ என்று அன்றைக்கே உப்பு சுற்றிப் போடுவாள். ஏதோ அவன் வருவதற்குள் இந்தச் சத்தம் ஓய்ந்துவிடுகிறது. ஒருநாள் முன்னாலேயே வந்து, இந்த இடியில் தலைவலி எடுத்து, அந்த எரிச்சலில் கால் கடைப்பக்கம் திரும்பிவிட்டால்?

வீட்டுச் சொந்தக்காரம்மாவிடம் போய் முறையிட்டாள். தனக்கென்று சொன்னால் எடுபடாதே என்று புருஷனை முன்னால் நிறுத்தினாள்.

"அவரை அமைதியா இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா. தலைக்கு மேல இப்படி இடிச்சா மனுஷன் என்னத்துக்கு ஆவாரு?"

டாக்டர் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. வாயில் வந்தது.

சொந்தக்காரம்மா மறுநாள் காலையிலேயே மாடியேறிக் கண்டித்துவிட்டு வந்தாள். அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம். சரியான கல்லுளிமங்கன் என்றாள்.

அன்றிலிருந்து சத்தம் இல்லை. மெஷின் ஓடுவது மட்டும்தான் காதில் விழுந்தது.

புருஷன் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தான். ஓவர்டைம் இல்லையாம். உட்கார்ந்தான், எழுந்தான், வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தான். கை இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் காலாற நடந்துட்டு வரேன்."

சில நாள் நடந்துவிட்டு வந்தான். அப்புறம் ஒருநாள், பட்டப்பகலில், இரண்டு பேர் அவனைத் தாங்கிக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

அவள் அழவில்லை. அவனைக் கிடத்தி, வாந்தி எடுத்தால் புரையேறாதபடி ஒருக்களித்துத் திருப்பிவிட்டாள். பழகிய கை.

எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, அவள் காதோரம் வந்தாள். தையல்காரியின் புருஷன் பின்சந்துப் படியில் இறங்கி வருவதை, அந்தச் சந்தில் போகும்போது பல தடவை பார்த்திருக்கிறாளாம். மாடிக்காரன் அறையிலிருந்துதானாம். எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டிருந்தாளாம்.

அவ்வளவுதான். தையல்காரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

அவன் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். சட்டைப் பொத்தான் பாதிதான் போட்டிருந்தது.

"நீ நல்லா இருப்பியா? திருந்தி வந்த மனுஷனை இங்க கூட்டிவச்சு ஊத்திக் குடுத்திருக்கியே. சத்தம் போடாதேன்னு சொன்னதுக்கா இந்தப் பழி?"

அவன் ஸ்டூலை நகர்த்தி, உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை.

"நானும் குடிச்சுக் கெட்டவன்தான்க்கா. அவர் படுத்திருந்த அதே வார்டுல படுத்து எந்திரிச்சவன். இப்ப தொடுறதில்ல. அப்புறம்... நீங்க கேட்ட சத்தம் என்னோடது இல்ல. அந்த நேரத்துக்கு நான் டூட்டியில இருப்பேன்."

"அப்ப யாரு?"

அவன் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

பொழுது சாய்ந்தால் அவருக்குக் கை உதறுமாம். கயிறு தாண்டிக் குதித்து, மூச்சு வாங்கி, உடம்பு வேர்த்துக் கொட்டினால் அந்த வெறி தணியும் என்று வார்டிலேயே பழக்கிவிட்டார்களாம். அதற்காகத்தான் அவரிடம் அறைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவானாம். வீட்டில் சொல்லிவிட்டே செய்யுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லியும் அவர் கேட்கவில்லையாம். அவளுக்குச் சத்தியம் பண்ணிப் பண்ணித்தான் எல்லாவற்றையும் கெடுத்தேன், இதையாவது சொல்லாமல் செய்கிறேன் என்றாராம்.

இங்கே கூடாது என்று ஆனதும், மைதானத்தில் போய்க் குதிக்கச் சொல்லியிருக்கிறான். மைதானத்துக்குப் போகிற வழியில்தான் கடை இருந்தது.

தையல்காரி அவன் நகர்த்திவைத்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். கோபமெல்லாம் வடிந்து, குரலே வேறாகிவிட்டது.

"புகார் சொன்னது நான்தான்னு... அவருக்குத் தெரியாதில்ல?"

"தெரியும்க்கா. கீழ் வீட்டம்மா சொல்லித்தான் வந்தேன்னு ஓனரம்மா சொன்னாங்க. அதை அவர்கிட்ட சொல்லி, நான் வந்து உங்ககிட்ட விவரத்தைச் சொல்லிடட்டுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டாரு."

அவன் சட்டையின் மீதிப் பொத்தானையும் போட்டுக்கொண்டான்.

"'என்னால அவ கேட்ட சத்தமெல்லாம் போதும் தம்பி, இதையும் கேக்க வேணாம்'னு கயித்தைச் சுருட்டி என் கையில குடுத்துட்டு இறங்கிப் போயிட்டாரு."