ஐம்பது நிமிடக் குரல்

கட்டிய மனைவியின் குரலைக் கேட்க, ஐம்பது நிமிடத்துக்கு மூவாயிரம். "ரெண்டு பேரா வர்றோம், பார்த்துப் போடுங்கம்மா" என்று பெயிண்ட் கடைக்காரர் வாசலிலேயே பேரம் பேசிப் பார்த்தார். வரவேற்பில் இருந்த பெண் சிரித்தாளே தவிர, ஒரு காசு குறைக்கவில்லை. இப்போது தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லும் அம்மாவின் அறையில், சோபாவின் ஒரு ஓரத்தில் அவர், மறு ஓரத்தில் மனைவி. நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக உட்காரலாம். ஜன்னல் பட்டைகளின் வழியே வெயில் கோடு கோடாக இறங்கி அந்தக் காலி இடத்தில் கிடக்கிறது. வீட்டில் "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு" என்பதோடு கடையைச் சாத்திவிடுகிறவள், இங்கே வளையல் குலுங்கக் குலுங்கப் பேசுகிறாள். "நீச்சல்னா எனக்கு உசிரு மேடம். இவருக்கு அதெல்லாம் தெரியாது." தெரியாதுதான். எந்தப் பெயிண்ட் எத்தனை மழை தாங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பத்தொன்பது வருஷமாக இது தெரியாது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்கிறார், சுவரைப் பார்ப்பதுபோல் அவளைப் பார்த்து. அவள் திரும்பவில்லை. "சொன்னேன் மேடம். அப்போ இவரு டப்பா எண்ணிக்கிட்டிருந்தாரு." அந்த அம்மா எதையோ குறித்துக்கொள்கிறார். பேனா காகிதத்தில் உரசுவது கேட்கிறது. நேரம் முடிகிறது. மனைவி பையை மாட்டிக்கொண்டு முன்னே நடக்கிறாள். செருப்புச் சத்தம் படியில் இறங்கிப் போகிறது. அவர் பர்ஸைத் திறந்து, அடுத்த வாரத்துக்கும் சேர்த்து, பேரம் பேசாமல் எண்ணி வைக்கிறார். ஐம்பது நிமிடத்தில் அவள் பேசியது நாற்பது. அதில் அவரிடம் ஒரு வார்த்தையும் இல்லை; அது மட்டும் இன்னும் வரவேண்டிய பாக்கி.