சிவப்புக் கேத்தல்

வேனுக்கடியில் இருந்து அன்டனின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கால்களைக்கூட வீரய்யா நம்பவில்லை.

கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, கழன்று வருகிற ஒவ்வொரு போல்ட்டையும் எண்ணிக்கொண்டிருந்தார். பதினெட்டு வந்திருந்தது. அவருக்கு எண்ண வரும், எழுதத்தான் வராது.

அன்டன் அவருடைய மகள் ஜெயந்தினியைக் கட்டியவன். வேன் வீரய்யாவின் பேரில், ஓட்டுவது அன்டன். கொட்டகலையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி அதில்தான் அவன் குடும்பம் நடக்கிறது. கட்டி ஆறு வருசமாகியும் மருமகனை அவர் ஒருநாள் மாப்ளே என்று கூப்பிட்டதில்லை. "இந்தா பாரு" தான்.

பழைய இன்ஜின் செத்து, கொழும்பிலிருந்து வந்த ஜப்பான் இன்ஜினை அன்டன் தன் கையாலேயே மாட்டி ஒரு வாரம். அன்றிலிருந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு. பார்க்கத் தேத்தண்ணி கொதிக்க வைக்கிற குட்டிக் கேத்தல் மாதிரி இருக்கும், மூக்கில் ஒரு சொட்டு தொங்கும். ஒயில் பிரஷர் இல்லையென்றால் எரியுமாம். தேயிலைத் தோட்டத்துக்காரனையே கேத்தல் காட்டி மிரட்டுகிறானே ஜப்பான்காரன் என்று முதலில் சிரித்தவர் வீரய்யாதான்.

அப்புறம் சிரிக்கவில்லை.

அன்டன் அந்த விளக்கின் சுவிட்சை மாற்றினான். கேத்தல் எரிந்தது. சுவிட்ச் டூப்ளிகேட் என்றார் வீரய்யா. ஃபில்டரை மாற்றினான். எரிந்தது. ஃபில்டர் விற்றவன் கள்ளன் என்றார். கெட்டி ஒயில் ஊற்றினான். அதற்கும் எரிந்தது. கள்ளன்கள் தீர்ந்துபோய் அன்டன் ஒருத்தன்தான் பாக்கி.

நல்ல ஒயில் பம்பைக் கழற்றி, கூட்டாளி சுதாகரனின் வேனுக்குப் போட்டுவிட்டான். இது வீரய்யா கண்டுபிடித்தது. சுதாகரனின் வேன் நல்லா ஓடுதே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அதனால்தான் தோட்டத்துத் தலைவர் செல்லசாமியை நடுவில் நிற்கக் கூட்டிவந்திருந்தார். தலைவர் முன்னால் பேச்சு வைத்தாயிற்று. பிழை அன்டனின் கையால் வந்ததென்றால் இன்றோடு சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஜெயந்தினி பிளேன்டீயை வைத்துவிட்டு, அப்பன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

வீரய்யாவுக்கு மெசின் தெரியாது என்று எவனும் சொல்ல முடியாது. தேயிலை பெக்டரியில் முப்பத்திரண்டு வருசம் கிரீஸ் பூசியவர். அங்கே மெசினுக்குக் காவல் ரோதமுனி சாமி. அவருக்குப் படைத்து, மஞ்சள் துணியில் திருநீறு முடிந்து கட்டாமல் ஒரு சக்கரம் சுற்றாது. தோட்டத்துத் துரையே காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றதுண்டு.

இந்த இன்ஜின் மாட்டிய அன்றைக்கும் பூசாரியிடம் போய் இரண்டு முடிச்சு வாங்கிவந்தார்.

"பெல்ட்டுல சிக்கிரும் மாமா, வேணாங்க" என்று சொல்லிவிட்டான் அன்டன். கண்ணாடியில் அவனுடைய ஜெபமாலை மட்டும் ஜம்மென்று தொங்கிக்கொண்டிருந்தது.

வீரய்யா முடிச்சுகளை மடியில் சொருகிக்கொண்டார். இன்ஜினையும் கியர் பொக்ஸையும் வயிறு திறந்து போட்டபடி அன்டன் சாப்பிடப் போனான். பேச்சு அதோடு முடிந்தது.

இப்போது வேனுக்கடியில் இருந்து குரல் வந்தது.

"தலைவரே, ஒயில் பிரஷர் மீட்டர் மாட்டிப் பாத்தேன், ஸ்டார்ட் பண்ணுனா முள்ளு ஏறுது. ரெண்டு நிமிசத்துல படுத்துருது. அணைச்சு வச்சிட்டுப் போட்டா மறுபடி ஏறுது. பம்பு போயிருந்தா இப்பிடி ஏறாதுங்க. உள்ள என்னமோ கெடந்து ஒயில் இழுக்குற வாயை அடைக்குது. நின்னா வெலகிருது."

வீரய்யாவின் வாயில் வெற்றிலை அப்படியே நின்றது.

"மழ வருது. நாளைக்குப் பாப்பமே."

தலைவர் அண்ணாந்து பார்த்தார். வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. "விடிஞ்சதுல இருந்து கழட்டு கழட்டுன்னு குதிச்சது நீங்கதானே வீரய்யாண்ணே?"

ஒயில் தட்டு இறங்கியது. மேலே, ஒயிலை உறிஞ்சுகிற குழாயின் வாயில் ஒரு சல்லடை. அதில் ஒட்டிக்கொண்டிருந்ததை அன்டன் குறட்டால் பிடித்து இழுத்தான். செத்த எலிக்குஞ்சு மாதிரி கறுப்பாக வந்தது. பெருவிரலால் துடைத்தான்.

கறுப்புக்கடியில் மஞ்சள்.

அன்டன் ஊர்ந்து வெளியே வந்து மாமனாரைப் பார்த்தான். வீரய்யா வெற்றிலைச் சாற்றை விழுங்கிவிட்டார். ஐம்பது வருசத்தில் முதல் தடவை.

"என்னப்பா அது?" என்றார் தலைவர்.

அன்டன் கையை மூடிக்கொண்டான். "தொடைக்கிற துணிங்க, தலைவரே. மாட்டுறப்ப நான்தான் பாக்காம உள்ள விட்டுட்டேன்."

எழுந்தான். கையைக் காற்சட்டையில் துடைத்து, சாவியை எடுத்து வீரய்யாவின் உள்ளங்கையில் வைத்தான்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். அவர் என்ன செய்வார், பேச்சு பேச்சுதான்.

வீரய்யா சாவியைப் பார்த்தார். அவருக்கு வேன் ஓட்டத் தெரியாது. சைக்கிளே தெரியாது. கள்ளனைப் பிடிக்கக் காலையிலிருந்து காவல் இருந்தாரே, அந்த வாளி மேலேதான் கள்ளன் உட்கார்ந்திருந்தான்.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். சாவியை மருமகனின் சட்டைப் பையில் போட்டார். அவன் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லத்தான் நினைத்தார். முப்பத்திரண்டு வருசம் மெசின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை, லயத்து வீடுகள் முழுக்கக் கேட்டது.

"கியர் பொக்ஸையும் ஒருக்கா தொறந்து பாத்துருங்க மாப்ளே. இன்னொண்ணு அங்க கெடக்கு."