இடது ஸ்பீக்கர்

பாடகி நடுவில் நிற்கவில்லை.

கண்ணை மூடிக் கேட்டால், ரெக்கார்டில் பாடுகிறவள் நடுவில்தான் நிற்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிசமமான தூரத்தில் நாற்காலியைப் போட்டு அவன் உட்கார்ந்திருக்கிறான். அவளோ வலது பக்கமாக நகர்ந்து போய்ச் சுவரோரம் நின்று பாடுகிறாள்.

இடது ஸ்பீக்கரில் ஏதோ கோளாறு.

ஜெரால்டு அதைச் சொல்ல மாட்டார். தன் சரக்கில் கோளாறு என்று எந்தக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்? வாங்க வருகிறவர்கள் கேட்டுப் பார்ப்பதற்கென்று மாடியில் ஒரு சின்ன அறை வைத்திருக்கிறார். கதவைச் சாத்தினால் தெருச் சத்தம் வராது. சத்தம் வராத இடத்தில்தான் ஏமாற்றுவது சுலபம்.

தரையில் அவனுடைய வால்வு ஆம்ப்ளிஃபயர். வீட்டிலிருந்து துணி சுற்றிக் கொண்டுவந்தது. காரில் வரும்போது தேன்மொழிதான் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அவன் மனைவி. வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தபோது உதடு மட்டும் அசைந்தது. திட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

வால்வு ஆம்ப்ளிஃபயருக்குச் சக்தி குறைவு. ஒத்துப்போகிற ஸ்பீக்கர் அமைந்தால் பாடும். அமையாவிட்டால் முனகும்.

“வேற ஜோடி போடுங்க.”

சின்னதை எடுத்துவிட்டு உயரமானதை வைத்தார் ஜெரால்டு. பாடகி மறுபடியும் வலது சுவரோரம் போனாள்.

இரண்டு ஜோடியிலும் இடது மட்டும் கெட்டுப்போகுமா?

எழுந்தான். அவனுக்கு ஒரு வழி தெரியும். ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட விட்டால் உள்ளே கருகிவிடும். ஆற விட்டு, இடது வயரை வலதில் மாட்டினான், வலது வயரை இடதில். கோளாறு ஆம்ப்ளிஃபயரில் என்றால் இப்போது பக்கம் மாற வேண்டும்.

மாறவில்லை. இடதுதான்.

மாட்டிக்கொண்டார். அவனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

“லெஃப்ட் அவுட்டுங்க.”

ஜெரால்டு இரண்டு பெட்டிகளையும் தூக்கி இடம் மாற்றி வைத்தார்.

இடதுதான்.

அப்படியானால் அறை. இடது சுவரில் கனமான திரை தொங்குகிறது, அது சத்தத்தைக் குடிக்கிறது. வேண்டுமென்றே மாட்டி வைத்திருக்கிறார். திரையைக் கழற்றச் சொன்னான். ஜெரால்டின் முகம் மாறியது. ஆனாலும் ஸ்டூலில் ஏறிக் கழற்றினார்.

இடதுதான்.

அப்போது பார்த்தான். ஜெரால்டு அவனைத் தாண்டி யாரையோ பார்த்துத் தலையாட்டினார்.

திரும்பினான். இடது பக்கம் தேன்மொழி உட்கார்ந்திருந்தாள். உதடு அப்போதுதான் மூடியது.

“ரெண்டு பேரும் என்ன பேசிக்கிறீங்க?”

“மேடம் சொல்றத ஒரு தடவ செஞ்சு பாத்துருங்க சார்,” என்றார் ஜெரால்டு.

என்ன சொன்னாள்? யாரிடம் சொன்னாள்?

கொஞ்ச நாளாகவே இப்படித்தான். காரில் பேசுவதில்லை. டி.வி. பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எதையோ முணுமுணுக்கிறாள். என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை என்று எழுந்து போய்விடுகிறாள். எதையோ மறைக்கிறாள். ஸ்பீக்கர் சரியில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தேன்மொழி எழுந்தாள். அவனைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து குனிந்தாள்.

“நாற்காலிய அந்தப் பக்கமாத் திருப்பிப் போட்டு உக்காந்து கேளுங்க. அப்பவே சொன்னேன்.”

அவள் குரல் இவ்வளவு கிட்டத்தில் கேட்டு நாளாகிவிட்டது.

இரண்டு ஸ்பீக்கரும் முதுகுப் பக்கம் இருக்கும்படி திரும்பி உட்கார்ந்தான். ஜெரால்டு பாட்டை முதலிலிருந்து போட்டார்.

இவ்வளவு நேரம் ஊமையாக இருந்த ஸ்பீக்கரிலிருந்து பாடகி பாடினாள். நன்றாகப் பாடிக்கொண்டிருந்தது ஊமையாகிவிட்டது.

பிறகு வலது காதை விரலால் அடைத்துக்கொண்டான்.

எங்கோ நாலு வீடு தள்ளி யாரோ பாடுகிறார்கள்.

விரலை எடுத்தான். பயமாக இருந்தது. கழற்றிய திரையை ஜெரால்டு மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததையே மறுபடியும் பிரித்து மடித்தார்.

அவன் எழுந்து நாற்காலியைப் பழையபடி திருப்பிப் போட்டான்.

“நீ உக்காரு.”

தேன்மொழி உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

“எங்க நிக்கிறா?”

நேர் எதிரே, நட்டநடுவில் விரலை நீட்டினாள்.

சின்ன ஜோடியையும் மறுபடி கேட்டாள். சின்னதே போதும் என்றாள். எதனால் என்று அவன் கேட்கவில்லை. திரைக்காக ஜெரால்டிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தான். ஸ்டூலில் ஏறி அவனே அதை மாட்டிக் கொடுத்தான்.

கீழே வந்து காரின் பின்சீட்டில் பெட்டிகளை வைத்தார்கள். அவள் வழக்கம்போல இடது பக்கக் கதவுக்குப் போனாள். அவன் அங்கே வந்து சாவியை நீட்டினான்.

“நானா?”

“நீ ஓட்டு.”

இதுவரை அவளுக்கு அவன் வண்டியைக் கொடுத்ததில்லை. அவனுடைய வலது பக்கம் உட்கார்ந்து அவள் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆம்ப்ளிஃபயர் இப்போது அவன் மடியில் இருந்தது, இன்னும் சூடாக.

முதல் சிக்னலில் சிவப்பு.

“இந்த சிக்னல்ல நிக்காம ஒரு நாளாச்சும் போயிருக்கமா,” என்றாள். கண்ணாடியைப் பார்த்துத் தனக்கே சொல்லிக்கொள்வதைப் போல, மெல்ல.

“போனதே இல்ல,” என்றான் அவன்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

அவள் வண்டியை எடுக்கவில்லை.